கண்ணாடியில் பாதி முகம்

ஆவி படிந்த குளியலறைக் கண்ணாடி முன் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே தெரியும் முகத்தின் ஓரத்தை விரலால் சுற்றிக் கோடிழுங்கள். பிறகு அந்தக் கோட்டை அளந்து பாருங்கள். உச்சந்தலையிலிருந்து தாடை நுனிவரை 11 சென்டிமீட்டரைச் சுற்றித்தான் வரும். உண்மையான தலையோ ஏறத்தாழ 22 சென்டிமீட்டர். கை எட்டும் மட்டும் தள்ளி நின்று மறுபடி வரைந்தாலும் அதே 11தான். நாம் இந்தப் பக்கம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறோமோ அவ்வளவு தூரத்தில் பிம்பம் அந்தப் பக்கம் நிற்கிறது. இரண்டுக்கும் நட்டநடுவே கண்ணாடிப் பரப்பு குறுக்கிடுவதால் அதில் விழும் உருவம் எப்போதும் சரிபாதி. வாழ்நாளெல்லாம் கண்ணாடி பார்த்தவர்களுக்கும் இது தெரிவதில்லை. மூளை அதை முழு முகமாகத் திருத்திய பிறகே நம்மிடம் தருகிறது.

தன்னுருவப்படம் தொடங்குவது இந்த இடத்தில்தான். ஓவியர் தன்னை வரையும்போது உள்ளத்தைத் திறந்து காட்டிவிடுகிறார் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் படத்தில் நாம் காணும் முகபாவத்தில் பெரும்பங்கு கண்ணாடி, கை, வெளிச்சம், களைப்பு ஆகியவை சேர்ந்து உண்டாக்கியது. அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதே ஓவியர் தானாக விரும்பிப் பூண்ட வேடம். இரண்டையும் பிரிக்கத் தெரியாவிட்டால், வேலைப் பார்வையைக் கோபம் என்றும், இருட்டில் ஒதுங்கிய கையைத் துயரம் என்றும் படித்துவிடுவோம்.

முதலில் இடவலம். கண்ணாடியில் நம் வலக் கன்னம் வலப்பக்கமே தெரியும். எதிரில் இருப்பவர் நம்மைப் பார்க்கும்போது அது அவருடைய இடப்பக்கத்தில் இருக்கும். எந்த முகமும் இருபுறமும் சமமாக இருப்பதில்லை. வகிடு, ஒரு புருவத்தின் ஏற்றம், உதட்டின் லேசான சாய்வு எல்லாம் பக்கம் மாறினால் முகம் வேறாகிவிடும். 1977-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஒருவருடைய புகைப்படத்தை நேராகவும் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பியும் அச்சிட்டுக் காட்டினார்கள். படத்தில் இருந்தவர்கள் திருப்பிய படத்தையே அதிகம் விரும்பினார்கள். அவர்களுடைய நண்பர்களுக்கு நேரான படம் பிடித்திருந்தது. அவரவருக்குப் பழகிய முகம் அவரவருக்கு அழகு. போட்டோவில் நம்மைப் பார்த்ததும் ‘இது நானா?’ என்று எழும் சலிப்பில் பாதிக்கு இதுதான் காரணம்.

டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கா 1888 டிசம்பர் 23 அன்று பிரான்ஸின் ஆர்ல் நகரில் அறுத்துக்கொண்டது இடக்காதை. அடுத்த மாதம் வரைந்த படங்களில் கட்டு இருப்பது வலக்காதில். படத்தை மட்டும் பார்த்து எழுதியவர்கள் காதை மாற்றிச் சொன்னதுண்டு. அவர் கண்ணாடியில் கண்டதைக் கண்டபடி வரைந்தார், அவ்வளவே. தன்னை அத்தனை முறை வரைந்ததற்கும் அவரே எளிய காரணம் ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்: மாடலுக்குக் கொடுக்கப் பணமில்லாததால், தன்னை வைத்தே வேலை செய்ய ஓரளவு நல்ல கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொண்டாராம்.

இன்னொரு டச்சு ஓவியரான ரெம்பிராண்டிடம் இந்த இடவலக் கணக்கு இன்னும் நுட்பமானது. 1630-இல், 24 வயதில், அவர் சின்னஞ்சிறு செப்புத் தகடுகளில் தன் முகத்தைப் பொறித்தார். சில அச்சுகள் 5 சென்டிமீட்டர் உயரம்தான். கண்ணை அகல விரித்து, வாயைப் பிளந்து, பல்லைக் காட்டி, புருவத்தைச் சுளித்துக் கண்ணாடி முன் அவரே ஆடிக் காட்டிய பாவங்கள் அவை. தகட்டில் பொறித்தது கண்ணாடி முகம். தகட்டைக் காகிதத்தில் அழுத்தியதும் அது மறுபடி திரும்பிவிடும். இரண்டு முறை திரும்பியதால் அந்த அச்சுகளில் இருப்பது அவர் ஊரான லைடனின் தெருவில் எதிரே வந்தவர் கண்ட ரெம்பிராண்ட். எண்ணெய் வண்ணப் படங்களில் இருப்பதோ அவர் மட்டுமே கண்ட ரெம்பிராண்ட். இரு வகையையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறவர்கள் ஒன்றைத் திருப்பாமல் ஒப்பிட்டால் வேறுபாடுகளைத் தவறாக எண்ணுவார்கள்.

முறைக்கும் கண்கள்

கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணைப் பாருங்கள், பிறகு வலக்கண்ணைப் பாருங்கள். பார்வை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனது உங்களுக்குத் தெரியும், ஆனால் கண்மணி நகர்வதை உங்களால் காணவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு அது நன்றாகத் தெரியும். கண் தாவும் அந்த நொடிப்பொழுதில் மூளை காட்சியை அடக்கிவிடுகிறது. ஆகவே தன் கண் அசைவதைத் தானே கண்ணாடியில் கண்டவர் யாருமில்லை. தன்னுருவப்படங்களில் கண்கள் ஆணியடித்தாற்போல் நம்மையே நோக்குவதன் வேர் இங்கே இருக்கிறது. வரைகிறவர் எந்தக் கண்ணை உற்றுப் பார்க்கிறாரோ அந்தக் கண் அந்த நேரத்தில் நேராகத் தன்னையே பார்த்தபடி இருக்கும். ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்குப் போகும்போது அதுவும் நேராகப் பார்க்கும். தனித்தனியாக நேர்நோக்கும் இரண்டு கண்களைச் சேர்த்து வைத்தால் லேசான மாறுகண் சாயல் வந்துவிடுகிறது. பயிலும் மாணவர்களின் படங்களில் இதை அடிக்கடி காணலாம். சரிசெய்யும் வழி இது: இரு கண்களுக்கும் நடுவே மூக்குத்தண்டின் மேல்முனையில் பார்வையை நிறுத்தி, இரண்டு கருவிழிகளின் இடத்தையும் ஒரே பார்வையில் குறித்துக்கொள்ள வேண்டும். விவரங்களைத் தனித்தனியே நிரப்புவது அதற்குப் பிறகுதான்.

புருவ நெரிப்பும் அப்படியே. அளவு பிடிக்கிற எவரும் கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பார்கள். அந்தச் சுருக்கம் படத்தில் ஏறினால் கடுமையான மனிதராகத் தெரிவார்கள்.

கண்ணாடி வைத்து வரைய உட்காருகிறவர்களுக்குச் சில அளவுகள். கண்ணாடி குறைந்தது 40க்கு 50 சென்டிமீட்டர் இருக்கட்டும். கனம் 4 அல்லது 5 மில்லிமீட்டர் தேவை. மெல்லிய கண்ணாடியைச் சுவரில் சாய்த்தால் அது வளைந்து முகத்தை இழுத்துக் காட்டும். நிமிர்த்தி, கண் மட்டத்துக்கு வைக்க வேண்டும். தாழ வைத்துச் சாய்த்தால் முகத்தைக் கீழிருந்து பார்ப்பதுபோல் ஆகிவிடும். தாடை கனத்து, மூக்குத் துளைகள் தெரிந்து, வேண்டாத ஓர் அதிகாரத் தோரணை வந்துவிடும். முகத்துக்கும் கண்ணாடிக்கும் 60 முதல் 75 சென்டிமீட்டர் இடைவெளி போதும். கண்ணாடியையும் வரைபலகையையும் ஒட்டினாற்போல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் நகர்த்தி வரையலாம். நிற்கும் இடத்தில் கால் சுவட்டைச் சாக்பீஸால் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் கண் தெரியும் உயரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டினால், இடைவேளைக்குப் பிறகு தலையை அதே இடத்துக்குக் கொண்டுவருவது சுலபம்.

கண்ணாடியில் தெரியும் அளவுக்கே வரைந்தால் படம் பாதியளவில் வரும். ஆளளவு வேண்டுமானால் ஒவ்வோர் அளவையும் இரட்டிக்க வேண்டும். பலர் தம்மையறியாமல் இரண்டுக்கும் நடுவே ஓர் அளவில் தொடங்கி, மூக்கு ஒரு கணக்கு, நெற்றி ஒரு கணக்கு என்று முடிக்கிறார்கள். இன்னொரு பிழை எல்லாரும் செய்வது. கண்கள் இருக்க வேண்டியது தலையின் மொத்த உயரத்தில் சரிபாதியில். தொடக்கக்காரர்கள் அவற்றை மேலே ஏற்றி நெற்றியையும் மண்டையையும் வெட்டிவிடுவார்கள். நாம் முகம் என்று நினைப்பது கண், மூக்கு, வாய் ஆகியவற்றைத்தான். தலையின் மேற்பாதி நம் எண்ணத்தில் இடமே பெறுவதில்லை. தன்னைப் பற்றிய எண்ணம் அளவைக் கெடுக்கும் விதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நிறத்துக்கும் ஒரு சோதனை உண்டு. சாதாரணக் கண்ணாடியில் இரும்புச் சத்தால் லேசான பச்சைச் சாயல் இருக்கும். ஒரு வெள்ளைத் தாளைக் கண்ணாடி முன் பிடித்து, கையிலுள்ள தாளையும் உள்ளே தெரியும் தாளையும் ஒப்பிட்டால் எவ்வளவு என்று புரியும். அந்த அளவுக்குத் தோலின் நிறத்தில் சிவப்பைக் கூட்டிக்கொள்ளாவிட்டால் படத்தில் நோயாளி போல இருப்பீர்கள்.

வெளிச்சம் ஒரே சன்னலிலிருந்து, பக்கவாட்டில் சற்று மேலிருந்து விழுவது நல்லது. வலக்கைக்காரர்கள் சன்னலை இடப்பக்கம் வைத்துக்கொள்வது, கையின் நிழல் தாளில் விழாமலிருக்கத்தான். கண்ணாடியிலும் வெளிச்சம் இடப்பக்கமே தெரியும் என்பதால் முடிந்த படத்திலும் இடப்பக்கம் ஒளி, வலப்பக்கம் இருள். ரெம்பிராண்டின் பல படங்களில் ஒரு கன்னம் நிழலில் மூழ்கியிருப்பதற்கு இந்த நடைமுறையும் ஒரு காரணம். ஐரோப்பிய நூல்கள் வடக்குச் சன்னலைப் பரிந்துரைக்கும். சென்னையில் சித்திரை நடுவிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நகர்ந்துவிடுவதால் அந்த மாதங்களில் வடக்குச் சன்னலிலும் வெயில் எட்டிப்பார்க்கும். ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

எங்கே அந்தக் கை

தன்னை வரைகிறவரால் அசையாமல் வைத்திருக்க முடியாத ஒரே உறுப்பு, வரையும் கை. போதாக்குறைக்குக் கண்ணாடியில் அது இடக்கையாகத் தெரியும். ஆகவே ஓவியர்கள் அதை மறைத்திருக்கிறார்கள், மாற்றியிருக்கிறார்கள், கட்டி வைத்திருக்கிறார்கள்.

லண்டன் கென்வுட் மாளிகையில், 1665-ஐ ஒட்டி ரெம்பிராண்ட் வரைந்த பெரிய தன்னுருவப்படம் இருக்கிறது. கையில் வண்ணத் தட்டு, தூரிகைகள், பின்சுவரில் இரண்டு பெரிய வட்ட வளைவுகள். எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோது, முதலில் அவர் கண்ணாடியில் கண்டபடியே தூரிகையை எதிர்க்கையில் வரைந்திருந்தது தெரிந்தது. பிறகு அதை அழித்து, தட்டை இடக்கைக்கு மாற்றி, தன்னை வலக்கைக்காரராக்கினார். முகத்தை மட்டும் மாற்றவில்லை. அந்தப் படத்தில் முகம் கண்ணாடி காட்டியது, கைகள் மற்றவர்கள் காண்பது. தன்னைத் தான் காணும் விதமும் ஊர் காணும் விதமும் ஒரே சட்டத்துக்குள் பொருத்தப்பட்டிருக்கின்றன. அந்தக் கைப்பகுதி சில தூரிகை வீச்சுகளோடு விடப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

இறந்த ஆண்டான 1669-இல், 63 வயதில் வரைந்த ஒரு படம் லண்டன் நேஷனல் கேலரியில் உள்ளது. அதிலும் கையில் முதலில் தூரிகை இருந்தது. அதை மூடிவிட்டு இரண்டு கைகளையும் கோத்து வைத்துவிட்டார். ஓவியர் என்ற அடையாளத்தை ஒரு சில பூச்சில் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு முதியவர். இது தற்செயலோ கண்ணாடியின் வேலையோ இல்லை, தெரிந்து எடுத்த முடிவு. எக்ஸ்-ரே படங்கள் நமக்குச் செய்த பெரிய உதவி, எது தானாக வந்தது, எது தேர்ந்தெடுத்தது என்று காட்டிக் கொடுத்ததுதான்.

கையை வைத்தே அந்தஸ்தைச் சொன்னவர் ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர். 1484-இல், 13 வயதில், கண்ணாடி பார்த்து வெள்ளிமுனைக் கோலால் தன்னை வரைந்தார். அந்தக் கோடு அழிக்க முடியாதது. சிறுவனின் பார்வை பக்கவாட்டில் போகிறது, கை மேலாடைக்குள் பாதி ஒளிந்திருக்கிறது. 1498-இல், இப்போது மத்ரித் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் படத்தில், அதே கைகள் சாம்பல் நிறக் கையுறைக்குள் இருக்கின்றன. அவர் ஊரான நியூரம்பெர்க்கில் ஓவியர் ஒரு கைவினைத் தொழிலாளி. இத்தாலி போய்வந்தவருக்கு அங்கே ஓவியருக்குக் கிடைக்கும் மரியாதை தெரியும். வண்ணக் கறை படிய வேண்டிய விரல்களைக் கையுறையில் நுழைத்து, கோடு போட்ட தொப்பியும் பட்டுக் கயிறுமாகத் தன்னைக் கனவானாக்கிக் கொண்டார். 1506-இல் வெனிஸிலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இங்கே நான் கனவான், ஊரில் ஒட்டுண்ணி என்று அந்த வலியை வெளிப்படையாகவே சொல்கிறார். 1500-இல் 28 வயதில் வரைந்த, இப்போது மியூனிக்கில் இருக்கும் படம் இன்னும் துணிச்சலானது. நேர்முகம், நடு வகிடு, தோளில் விழும் சுருள்முடி, மார்பருகே கை. அந்தக் காலத்தில் இப்படி நேர்முகமாகக் காட்டப்பட்டவர் பெரும்பாலும் கிறிஸ்து. சாதாரண மனிதர்களை முக்கால்முகமாகத்தான் வரைவார்கள். கண்ணாடிக்கும் வரைபலகைக்கும் இடையே தலையைத் திருப்பி வேலை செய்கிறவருக்கு இயல்பாக வருவதும் முக்கால்முகமே. சரியான நேர்முகம் வேண்டுமானால் அளவெடுத்துக் கட்டிச் சேர்க்க வேண்டும். அந்த உழைப்பு அத்தனையும் வேடத்துக்காகச் செலவிட்டது.

ரெம்பிராண்டின் உடைகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 40 ஓவியங்களிலும் 30 அச்சுகளிலும் அவர் தன்னை வரைந்திருக்கிறார். அவற்றை ஒரு நாட்குறிப்பாகப் படிப்பது இனிமையான பழக்கம்தான், ஆனால் படங்கள் அதற்கு ஒத்துழைப்பதில்லை. 1640-இல் வரைந்த தன்னுருவப்படத்தில் இந்த 34 வயதுக்காரர் அணிந்திருப்பது நூறாண்டு பழைய உடை. முந்தைய ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஏலத்துக்கு வந்த இத்தாலிய ஓவியர் ரஃபேலின் ஓவியம் ஒன்றைப் பார்த்துப் படி எடுத்து, விலை 3,500 கில்டர் என்றும் எழுதி வைத்தார். 1640 படத்தில் கையைத் தாங்கலில் சாய்த்திருக்கும் தோரணையில் அந்த ரஃபேல் ஓவியத்தின் சாயல் இருக்கிறது. புகழ்பெற்ற ஓவியரின் முகமும் அவருடைய கைவண்ணமும் ஒரே சட்டத்தில் கிடைப்பதை வாங்கவும் ஆட்கள் இருந்தார்கள். 1656-இல் அவர் கடனில் மூழ்கினார். வீட்டுச் சாமான்களை 363 உருப்படிகளாக எழுதி ஏலம் விட்டார்கள். 1658-இல் வீடும் கைமாறிய காலத்தில் அவர் வரைந்த படம் இன்று நியூயார்க் ஃப்ரிக் தொகுப்பில் இருக்கிறது. 134க்கு 104 சென்டிமீட்டர். பொன்னிற அங்கி, இடுப்பில் சிவப்புக் கச்சை, கையில் கோல், அரியணையில் அமர்ந்த அரசனின் இருக்கை. அதைப் போலிப் பெருமை என்று தள்ளிவிடுவது பிழை. முகத்தில் தளர்ந்த தசையையும் மூக்கின் சிவப்பையும் அவர் கொஞ்சமும் குறைக்கவில்லை. உடை வேடம், தோல் உண்மை என்று இரண்டையும் ஒரே படத்தில் விட்டுவைத்ததில்தான் அவருடைய ஆற்றல் இருக்கிறது.

இதற்கு நேர் எதிர்ப்புறத்தில் பிரெஞ்சு ஓவியர் ஷார்டேன். 1771-இல் பேஸ்டல் வண்ணத்தில் மூக்குக்கண்ணாடியும் தலையில் சுற்றிய துணியுமாக, வேலை நேரத்தில் கதவைத் திறந்து பார்த்தால் எப்படி இருப்பாரோ அப்படியே தன்னை வைத்தார்.

முகம் தளரும் நேரம்

கண்ணாடியைக் கண்டதும் எல்லாரும் ஒரு முகம் எடுத்துக்கொள்கிறோம். தாடை சற்று உயரும், உதடு இறுகும், கண் விரியும். இந்தக் கண்ணாடி முகம் நீண்ட நேரம் நிற்காது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் வாயோரம் இறங்கத் தொடங்கும். சிரிப்பென்றால் ஒரு நிமிடமே அதிகம், அதற்குள் அது பல்லிளிப்பாகிவிடும். தன்னுருவப்படங்களில் சிரிப்பு அபூர்வமாக இருப்பதற்கும், ரெம்பிராண்டின் சிரிப்புகள் பெரும்பாலும் விரைவாகக் கீறிய சின்னத் தகடுகளில் இருப்பதற்கும் இதைச் சொல்லலாம். ஆகவே ஒருவர் தொடங்கிய முகமும் முடித்த முகமும் வேறு. முதல் அரைமணியில் வாயை வரைந்துவிட்டுக் கண்ணை இரண்டாம் மணியில் வரைந்தால், நிமிர்ந்த உதட்டுக்கு மேல் களைத்த கண் அமரும். பார்ப்பவருக்கு அது ஆழமான மனச்சிக்கலாகத் தோன்றும்.

பயிற்சிக்கு ஒரு முறை சொல்லலாம். முதலில் கண்ணாடி இல்லாமல், நினைவிலிருந்து, 10 நிமிடத்தில் தன் முகத்தை வரைய வேண்டும். பிறகு கண்ணாடி பார்த்து, 20 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்று 2 மணி நேரம். வாயைக் கடைசிவரை மங்கலாகவே வைத்திருக்க வேண்டும். மூன்றாவது படம், இன்னொருவர் ஒன்றரை மீட்டருக்கு அப்பாலிருந்து எடுத்த போட்டோவைப் பார்த்து. மூன்றையும் ஒரு வாரம் கழித்துச் சேர்த்துப் பாருங்கள். நினைவுப் படத்தில் நாம் வெட்கப்படும் உறுப்பு பெரும்பாலும் வளர்ந்திருக்கும் அல்லது காணாமலே போயிருக்கும்.

போட்டோவுக்குத் தூரம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 30 சென்டிமீட்டரில் எடுத்த செல்ஃபியில் மூக்கு, ஒன்றரை மீட்டரில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ 30 விழுக்காடு அகன்று தெரியும் என்று 2018-இல் ஒரு மருத்துவ ஆய்வு கணக்கிட்டது. லென்ஸுக்கு அருகே மூக்கு, தள்ளிக் காது, அருகிலிருப்பது பெருக்கும். 1524-இல் இத்தாலிய ஓவியர் பார்மிஜியானினோ குவிந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்து, 24 சென்டிமீட்டர் அகலக் குவிந்த பலகையில் வரைந்தபோது, முன்னால் நீண்ட கை முகத்தைவிடப் பெரிதாக வந்தது. அது கருவியின் வேலை என்று அவருக்குத் தெரியும், அதையே படத்தின் பொருளாக்கினார். செல்ஃபி பார்த்து மூக்கை அறுவைசிகிச்சை செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு அந்தத் தெளிவை யாராவது முதலில் தர வேண்டும். செலவில்லாத மாற்று ஒன்று உண்டு: இரண்டு சதுரக் கண்ணாடிகளைப் புத்தகம்போல் 90 பாகையில் சேர்த்து நிறுத்தி, சேரும் கோட்டுக்கு நேரே நின்றால், பக்கம் மாறாத, மற்றவர்கள் காணும் முகம் தெரியும். வலப்பக்கம் சாய்ந்தால் அது எதிர்ப்பக்கம் சாயும். முதன்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் பின்வாங்குவார்கள்.

வேடத்தையே முகமாக்கிக்கொண்டவர் மெக்சிகோ ஓவியர் ஃபிரிடா காலோ. 1925 செப்டம்பர் 17 அன்று, 18 வயதில், அவர் சென்ற பேருந்தின் மீது டிராம் மோதியது. முதுகெலும்பும் இடுப்பும் உடைந்து படுத்தவருக்கு, கட்டிலின் மேற்கூரையில் ஒரு கண்ணாடியைப் பதித்து, படுத்தபடி வரையத் தனித் தாங்கியும் செய்து கொடுத்தார்கள். அவர் வரைந்த ஏறத்தாழ 140 ஓவியங்களில் மூன்றிலொரு பங்குக்கு மேல் தன்னுருவமே. அவற்றை வரிசையாக வைத்தால் உடல் கிழிகிறது, உடை மாறுகிறது, முடி வெட்டப்படுகிறது. முகம் மட்டும் அப்படியே இருக்கிறது. 1944-இல் வரைந்த படமொன்றில் உடல் நடுவே பிளந்து, முதுகெலும்புக்குப் பதில் நொறுங்கிய தூண் நிற்கிறது. தோலெங்கும் ஆணிகள், கன்னத்தில் கண்ணீர். ஆனாலும் உதடு கோணவில்லை, புருவம் நெரியவில்லை. பத்து நிமிடத்தில் தளரும் கண்ணாடி முகத்தை அவர் இருபது ஆண்டுகள் தளரவிடாமல் வைத்திருந்தார். அந்த உறுதி எளிதில் வந்ததில்லை.

1945-இல் அவர் ஏற்பாட்டை மாற்றினார். தன் முகத்தின் மேல் காகிதக்கூழால் செய்த முகமூடி ஒன்றை மாட்டியதாக வரைந்தார். ஊதா முடி, தடித்த மூக்கு, கோணிய வாய். கண் இருக்கும் இடத்தில் இரண்டு துளைகள், அவற்றின் வழியே உள்ளேயிருந்து அவர் பார்க்கிறார். அழுவது முகமூடி.